சகலை மாட்டிய ஃபேன்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுவாயல் தாண்டிப் பெரியபாளையம் போகும் சாலையோரத்தில், ஆவி கக்கிய ஒரு காரைச் சுற்றி நான்கு பேர் நின்றதை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். வெள்ளை வேட்டி நான். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் என் சகலை தனசேகர். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற அம்மாள் — என் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார். பக்கத்தில் அந்த மாப்பிள்ளை.

சம்பந்தம் பேச வந்தவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்ட பெண்வீட்டுக்காரன் என்ற பெருமை எனக்கு. எப்படிக் கிடைத்தது? சொல்கிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது!

என்னிடம் இருப்பது பதினான்கு வயதான டீசல் வண்டி. ஜீப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும். திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பினால், படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் விடும். அதன் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன். என்ஜின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் ஃபேன் சுற்றும். அவ்வளவுதான். சுவிட்ச் கிடையாது, வயர் கிடையாது. பதினான்கு வருடமாக அப்படி ஒரு ஃபேன் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு பொருள் ஒழுங்காக உழைக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் சகலைக்குத் தெரிந்துவிட்டது.

தனசேகர் என் மனைவி வசந்தாவின் தங்கை கணவர். வேப்பம்பட்டில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டார். இப்போது அவருக்கு நேரம்தான் விளைகிறது — வருடத்துக்கு மூன்று போகம். விளைந்த அத்தனையையும் போனில் வீடியோ பார்த்தே தீர்க்கிறார். சித்த வைத்தியம், ராக்கெட், முழங்கால் வலி, கார். எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வார்.

“இன்னா சகலை, இன்னும் இன்ஜின்லயே ஃபேன ஓட்டிக்கினுகிறீங்க?”

“வேற எதுல ஓட்டறது?”

“அது இன்ஜினோட ரத்தத்த உறிஞ்சுது சகலை. தேவை இருக்கோ இல்லியோ சுத்திக்கினே கீது பாருங்க. எலக்ட்ரிக் ஃபேன் போட்டீங்கன்னா, சூடானா மட்டும் சுத்தும். சூடு எறங்குனா தானா நின்னுடும். மைலேஜு ஏறும், பிக்கப்பு ஏறும், சத்தம் கொறையும்.”

சொன்னதில் பொய் இல்லை. முறையாகச் செய்தால் அத்தனையும் உண்மை. அந்த ‘முறையாக’ என்ற ஒரு வார்த்தைதான் வீடியோவில் வரவில்லை போலிருக்கிறது.

எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் மோகனிடம் போனோம்.

“வண்டில இன்னா சார் கம்ப்ளைன்ட்டு?”

“ஒண்ணுமில்ல.”

“ஹீட் ஆவுதா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு சார் ஓடறத நோண்டற?” என்றார் மோகன். “மாத்தித்தான் ஆவணும்னா வண்டிய ஒரு நாள் உட்டுட்டுப் போ. மாட்டிட்டு, நானே வெயில்ல நாப்பது கிலோமீட்டரு ஓட்டிப் பாத்துட்டுதான் சாவியக் குடுப்பேன்.”

சகலைக்கு வந்ததே கோபம். “வீடியோல பதினோரு நிமிஷ வேலை சகலை. இவரு ஒரு நாள்ன்றாரு!”

ஆக, ஒரு எலக்ட்ரிக் ஃபேனை வாங்கி வந்து, அந்தப் பதினோரு நிமிட வேலையை என் வீட்டு வாசலில் அவரே தொடங்கினார். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மதியம் மூன்று மணிக்கு முடித்தார். வீடியோவை நிறுத்துவார், பார்ப்பார், ஸ்பானர் கேட்பார், திரும்ப ஓடவிடுவார். எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். பழைய ஃபேனைக் கழற்றித் தரையில் வைத்தபோது வசந்தா எட்டிப்பார்த்து, “நல்லாத்தான இருந்துச்சு?” என்றாள். இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை. வேலை நேரத்தில் பெண்கள் கேட்கும் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏது?

கடைசியாக வயர். வீடியோவில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வயர். நாங்கள் வாங்கிய ஃபேனில் நீலம், கறுப்பு.

“செவப்பு எங்க சகலை?” என்றேன்.

“செவப்புக்குப் பதிலா நீலம் குடுத்துகிறான். எந்த வயரானா இன்னா, கரண்ட்டு போனா சரி.”

இணைத்தார். என்ஜின் சூடானதும் ஃபேன் விர்ரென்று கிளம்பியது. “சுத்துது! சுத்துது சகலை!” தெருவே திரும்பிப் பார்த்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

இனி மகள் விஷயம்.

என் மகள் நித்யா சென்னையில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் அருள் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பு சொன்னாள். ஊர் கும்மிடிப்பூண்டி. அப்பா இல்லை. அம்மா ஸ்டெல்லா தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனிக்குப் போகிறார். தாத்தா பாட்டி காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை. கோயில் என்றால் அவர்களுக்கு மாதாகோயில். நாங்கள் விபூதி. அதோடு ‘நிலபுலன் இருந்த குடும்பம்’ என்ற நினைப்பு வேறு. நிலம் போனாலும் அது போக மாட்டேன் என்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், சாதி பார்க்காதே மதம் பார்க்காதே என்று நான் எத்தனை வாரம் எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று. பாராட்டிக் கடிதம் போட்டதும் நீங்கள்தான். என் மகள் வந்து கேட்டபோது இந்தப் புரட்சியாளன் என்ன சொன்னான் தெரியுமா?

“யோசிச்சுச் சொல்றேன்.”

மூன்று மாதம் யோசித்தேன். போன மாதம் நித்யா பொறுமை இழந்துவிட்டாள். “நீங்க எழுதனதப் படிச்சுட்டுதாம்பா அருளே தைரியமா உங்க கிட்ட பேசச் சொன்னான். நீங்க எழுதறத நீங்க படிக்கவே மாட்டீங்களா?”

சுருக்கென்றது. சரி, வரச்சொல் என்றேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் வருவதென்றால் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பஸ் என்றால் மாறி மாறி வரவேண்டும். “நானே கார்ல கூட்டிக்கினு வரேன்” என்றேன். வசந்தா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நித்யா கண் கலங்கினாள். தனசேகர் மட்டும் உண்மையைச் சொன்னார். “கரெக்ட்டு சகலை. நம்ம ரேஞ்சு இன்னான்னு அவங்களுக்குத் தெரியட்டும்.” நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு காலையில் சகலையும் நானும் கிளம்பினோம். வெயில் ஏறாத நேரம், ஏசி போடவில்லை. கும்மிடிப்பூண்டி சேரும்போது சூடு காட்டும் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. “புது ஃபேன் இல்ல... செட் ஆயிக்கினுகீது” என்றார் சகலை.

அம்மாவும் மகனும் மாதாகோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு ஹேண்ட்பேக். “எதுக்கு சார் சிரமம்? பஸ்லயே வந்திருப்போமே” என்றார். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

முன் சீட்டிலிருந்து சகலை உடம்பைத் திருப்பினார். “ஏம்மா, கம்பெனிக்குப் போறீங்களாமே. பேக்கிங்கா?”

“இல்லீங்கண்ணா, நான் வந்து...”

“எந்த வேலையா இருந்தா இன்னாம்மா, உழைப்புதான? இந்த வண்டில எலக்ட்ரிக் ஃபேன் போட்டுகிறோம். நானே போட்டேன். உங்களுக்குப் புரியறாப்ல சொல்றேன். ஊட்ல சீலிங் ஃபேன் கீதுல்ல?”

“கீதுங்கண்ணா.”

“அதுமாரிதான். ஆனா இது டி.சி. மோட்டாரு.”

“ஓ.”

“டி.சி.ன்னா பேட்டரி கரண்ட்டு.”

“அப்பிடிங்களா.”

“உள்ள காந்தம் இருக்கும்மா.”

“காந்தமா!”

அருள் குறுக்கே வந்தான். “அங்கிள், அம்மா வந்து...”

“கம்முனு இரு அருளு. பெரியவங்க சொல்லிக்கினுகிறாங்கல்ல” என்று ஸ்டெல்லா அவன் கையை அழுத்தினார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் ஏன் குலுங்குகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நானாவது சும்மா இருந்தேனா? எழுத்தாளனாயிற்றே! உடம்புக்கு வேர்வை எப்படியோ, என்ஜினுக்கு ஃபேன் அப்படி என்று என் பங்குக்கு ஓர் உவமையை எடுத்து விட்டேன். “நல்லா சொல்றீங்க சார்” என்றார் அந்த அம்மாள்.

புதுவாயலில் ஹைவேயை விட்டுத் திரும்பினோம். முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முள் ஏற ஆரம்பித்தது.

“சகலை, முள்ளு ஏறுது...”

“சென்சாரு பேஜாரு சகலை. முள்ளப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க.”

ரோட்டைப் பார்த்தேன். ஏசியில் வெந்நீர் அண்டாவைத் திறந்தது போல் காற்று வந்தது. பிறகு ஒரு வாடை. பிறகு ரோடே தெரியவில்லை, கண்ணாடி முழுக்க ஆவி.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்ததும் உள்ளே இட்லிப் பானை போல் புஸ்ஸென்றது. மானம் போயிற்று என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, சகலை தோளில் இருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். “தண்ணி கொறஞ்சிருக்கும், வேற ஒண்ணுமில்ல. மூடியத் தொறந்து ரெண்டு பாட்டில் ஊத்துனா சரியாயிடும்.” ரேடியேட்டர் மூடியின் மேல் கையை வைத்தார்.

“கைய எடு!”

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டார். அப்படி ஒரு குரல். பெரிய ஷெட்டில் நூறு மெஷின் ஓடும் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல். ஸ்டெல்லா இரண்டே எட்டில் வந்து சகலையின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் தடுமாறி என்மேல் விழுந்தார். அதே நேரம் மூடிக்குப் பக்கத்துக் குழாய் வழியாகக் கொதிநீர் சீறிக்கொண்டு கொட்டியது. ஒரு நொடி முன்பு சகலையின் முகம் குனிந்திருந்த பக்கம்.

தனசேகர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கங்கண்ணா, மரியாத இல்லாம கத்திட்டேன்” என்றார் ஸ்டெல்லா. “எங்க கம்பெனில ஒருத்தர் இப்பிடித்தான் அவசரப்பட்டுத் தொறந்தாரு. மொகம் தேறி வர ஆறு மாசம் ஆச்சு. தானா ஆறட்டும். அரை மணி நேரம் யாரும் கிட்ட போவாதீங்க.”

போகவில்லை. டீ குடித்தோம். மூடியைத் திறந்திருந்தால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போயிருப்போம் என்ற நினைப்புத்தான் ஓடியது. இதற்குள் நித்யா போன் செய்தாள். “எங்கப்பா கீறீங்க?” “வந்துக்கினே இருக்கோம்மா” என்றேன். எங்கே வருவது? மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஸ்டெல்லா எழுந்தார். “சார், இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவிய மட்டும் போட்டு ஃபேன ஓட உடுங்க.”

“ஃபேன் நல்லாத்தாம்மா சுத்துது. பிராப்ளம் வேற எங்கியோ” என்றார் சகலை. குரலில் பழைய காற்று கொஞ்சம் திரும்பியிருந்தது.

சாவியைப் போட்டேன். சூடு இன்னும் இருந்ததால் ஃபேன் சுற்றியது. ஸ்டெல்லா பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தார். மாதாகோயில் திருவிழா நோட்டீஸ். வண்டியின் முகப்பில், கிரில்லுக்கு நேராகப் பிடித்து விட்டார். அது படபடத்துப் பறந்து ரோட்டில் போய் விழுந்தது. அருள் ஓடி எடுத்து வந்தான். மறுபடி பிடித்தார். மறுபடி பறந்தது.

“பாத்தீங்களா சார்?”

பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

“காத்து முன்னாடி பக்கத்துலேர்ந்து உள்ள போவணும். அப்ப பேப்பரு இங்க ஒட்டிக்கினு நிக்கும். இது வெளிய ஊதுது. வண்டி ஓடறப்ப எதிர்க்க வர காத்தையும் இது தள்ளி உடுது. ரெண்டும் முட்டிக்கினா ரேடியேட்டருக்கு இன்னா போவும்? வயரு மாத்திக் குடுத்துகிறாங்க.”

“அதெப்பிடிம்மா?” என்றார் சகலை.

“டி.சி. மோட்டாருண்ணா. நீங்கதான சொன்னீங்க? ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும்.”

ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை! எங்கள் தெருவுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டியதில் சூடேற நேரமில்லை, தப்பித்தது. மோகன் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறேன் என்றது இதற்குத்தான்.

டீக்கடையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவும் கத்தி கிடைத்தது. கடைக்காரர் வைத்திருந்த கறுப்பு டேப் கிடைத்தது. “சாவிய எடுத்துடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகினார். நீலத்தையும் கறுப்பையும் அறுத்து, முனை சீவி, இடம் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. ரேடியேட்டரில் தண்ணீரையும் அவரே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மறுபடி நோட்டீஸ். இந்த முறை அது சப்பென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது. மாதா படம் எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

அருளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “அங்கிள், அம்மா இருபத்திரெண்டு வருஷமா இந்த மோட்டாரு செய்யற கம்பெனிலதான் கீறாங்க. டெஸ்டிங் லைனுக்கு அவங்கதான் லீடரு.”

சகலை வைக்கோல் லாரி போன திசையைப் பார்த்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன்.

“எங்க சார் சொல்றது? பேக்கிங்கான்னு கேட்டாரு. வாயத் தொறக்கறதுக்குள்ள காந்தத்துக்குப் போயிட்டாரு.” சிரிக்காமல் சொன்னார்.

காலை ஆறு மணிக்கு இந்த வட்டாரத்தில் எந்த நிறுத்தத்திலும் பாருங்கள், கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் டப்பா. ‘கம்பெனிக்குப் போறாங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். எந்தக் கம்பெனி, உள்ளே என்ன வேலை என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? நம் காரில் ஓடும் மோட்டாரை அவர்கள் செய்வார்கள். அதில் காந்தம் இருக்கிறது என்று நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். நானும்தான். வேர்வை உவமையை நினைத்தால் எனக்கு இப்போதும் வேர்க்கிறது.

மீதி தூரம் முள் பாதியிலேயே நின்றது. சகலை திருவள்ளூர் வரை வாய் திறக்கவில்லை. அவ்வளவு அமைதியான பயணத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிப் பரிமாறினார்கள். சாப்பிட்டதும் ஸ்டெல்லா நித்யாவோடு உள்ளறையில் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூணு மாசமா யோசிக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தீங்களாமே. இன்னா சார் யோசிச்சீங்க?”

கோபம் இல்லை. மெஷினைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எங்கே பழுது என்று தெரிந்தால் போதும் என்பது போல.

வசந்தா தரையைப் பார்த்தாள். நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது? விபூதி என்பதா, மாதாகோயில் என்பதா? உங்கள் மாமனார் எங்கள் மாதிரி ஆட்கள் வயலில் வேலை செய்தவர் என்பதா? மூன்று மாதமாக மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்த எதையும், என் சகலையின் முகத்தைக் காப்பாற்றிய அம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. காப்பாற்றாவிட்டாலும் வந்திருக்கக் கூடாது என்பதுதான் நியாயம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒண்ணுமில்லீங்க... சும்மா” என்றேன்.

“சும்மாவா?”

“சும்மாதாங்க.”

“சும்மான்னா விடுங்க, முடிச்சுடலாம். எங்க லைன்ல ஒரு மோட்டார மூணு மாசம் டெஸ்ட் பண்ணா கம்பெனிய இழுத்து மூடிடுவாங்க சார்.”

முதலில் சிரித்தவள் வசந்தா. நித்யா கதவுக்குப் பின்னால் போய் அழுதாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. காலையில் மாதாகோயில், மாலையில் மண்டபம்.

சாயங்காலம் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். ஸ்டெல்லா கைகூப்பினார். “வேணாம் சார், பஸ்ல போய்க்கறோம். ஜன்னல் பக்கமா உக்காந்தா நல்ல காத்து வரும்.”

மறுநாள் வண்டியை மோகனிடம் விட்டேன். அவர் டேப்பைப் பிரித்துப் பார்த்தார். “இத யாரு சார் போட்டது? நல்லா முறுக்கிகிறாங்க.”

“எங்க சம்பந்தியம்மா” என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது எனக்கே கேட்டது.

கல்யாண வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. பந்திக்கு இரண்டு பேர், வரவேற்புக்கு இரண்டு பேர். மண்டபத்து ஜெனரேட்டர் அறைப் பக்கம் சகலை போகாமல் பார்த்துக்கொள்ள நான்கு பேர்.